சொட்டுக் கணக்கு

"வீட்டுல பால் இருக்கா?" என்று நான் கேட்டால் என் மனைவி இப்போதெல்லாம் உடனே பதில் சொல்வதில்லை.

"காபிக்கா, காமிராவுக்கா?" என்று திருப்பிக் கேட்கிறாள்.

காபிக்கு என்றால் இருக்கிறது. காமிராவுக்கு என்றால் இல்லை.

அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். மூன்று மாதத்தில் எங்கள் வீட்டில் தட்டில் சொட்டியே தீர்ந்த பால் ஆறரை லிட்டர். (சொட்டியது கொஞ்சம், திரிந்து போய்க் கொட்டியது நிறைய.) எடுத்த போட்டோக்கள் 2,314. அதில் தேறியவை நாலு. நான் பி.காம். படித்தவன். நஷ்டமானாலும் கணக்கு எழுதி வைத்துவிட்டு நஷ்டப்படுகிற ஜாதி.

எல்லாம் திருவல்லிக்கேணி நடைபாதையில் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது அட்டை கிழிந்த ஒரு போட்டோகிராஃபி புத்தகம் கையில் தட்டுப்பட்டது. பிரித்த பக்கத்தில் ஒரு கிரீடம். வெள்ளை வெளேரென்று, சுற்றிலும் முனைகள், ஒவ்வொரு முனையிலும் ஒரு முத்து. எந்த ராஜா வைத்திருந்தது என்று கீழே பார்த்தால், அது ஒரு சொட்டுப் பால்! சிவப்புப் பின்னணியில் விழுந்து தெறிக்கிற ஒரே ஒரு சொட்டு.

எடுத்தவர் ஹெரால்டு எட்ஜர்ட்டன். எம்.ஐ.டி. புரொஃபஸர். (எங்கள் குரோம்பேட்டையில் இருக்கிற எம்.ஐ.டி. இல்லை. அமெரிக்காவில் இருக்கிறதே, அது.) 1903-ல் பிறந்து 1990-ல் மறைந்தவர். அடிப்படையில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். சுழல்கிற மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக, விட்டு விட்டு மின்னும் விளக்கு ஒன்றைத் தயார் செய்தார். மின்னும் வேகமும் சுழலும் வேகமும் ஒத்துப்போனால், ஓடுகிற மோட்டார் நிற்பது போலத் தெரியும். அதே வெளிச்சத்தைக் கொண்டுபோய் மற்ற எல்லாவற்றின் மேலும் அடித்துப் பார்த்துவிட்டார் மனிதர். 1964-ல் ஆப்பிளைத் துளைத்துக்கொண்டு போகும் துப்பாக்கிக் குண்டைப் பிடித்தார். அவருடைய படங்களை வைத்து எடுத்த ஒரு குறும்படத்துக்கு ஆஸ்கர்கூடக் கிடைத்தது. ஆனால் யாராவது தன்னைக் கலைஞர் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார். நான் இன்ஜினீயர், எனக்கு வேண்டியது உண்மை என்பார்.

அந்தப் பால் கிரீடத்தின் கலர் படம் 1957-ல் எடுத்தது. சொட்டுகளை அவர் படம் பிடிக்க ஆரம்பித்ததோ 1930-களில். அதாவது இருபது வருஷத்துக்கு மேலாக அந்த மனிதர் பால் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

இதை என் மனைவியிடம் சொன்னேன்.

"இருபது வருஷமா?" என்றாள். "அந்தம்மா பாவம்."

*

என்னிடம் ஒரு செகண்ட்ஹேண்ட் காமிரா இருந்தது. அதில் ஷட்டர் வேகம் ஒரு வினாடியில் 4,000-ல் ஒரு பங்கு வரை போகும். இது போதாதா? வெள்ளிக்கிழமை ராத்திரி, சாப்பாடு முடிந்ததும், டைனிங் டேபிளில் எவர்சில்வர் தட்டை வைத்துப் பால் ஊற்றினேன். ஒரு கையில் மகளின் இங்க் ஃபில்லர். இன்னொரு கையில் காமிரா. சொட்டு, க்ளிக். சொட்டு, க்ளிக்.

முதல் நாள் எடுத்த நூற்று முப்பது படங்களிலும் ஒரே விஷயம்தான் தெளிவாக விழுந்திருந்தது: எவர்சில்வர் தட்டில் பிரதிபலித்த என் மூக்கு. மற்றபடி ஒரே இருட்டு. அந்த இருட்டிலும் பொரிகடலை தூவியது மாதிரி புள்ளி புள்ளியாக. ஃப்ளாஷைப் போட்டால் இன்னும் மோசம். பாதிப் படம் வெளிச்சம், பாதிப் படம் கறுப்புப் பட்டை.

தெருமுனையில் ஒரு கல்யாண போட்டோகிராஃபர் எனக்கு சிநேகிதர். படங்களைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஸார், இது என்ன, கிரகணமா?" என்றார். பிறகு டீ வாங்கிக் கொடுத்து (நான்தான் வாங்கிக் கொடுத்தேன்) விஷயத்தைச் சொன்னார்.

"ஷட்டரை மறந்துடுங்க ஸார். அது எவ்வளவு வேகமா மூடினாலும் உங்க சொட்டுக்கு அது மாட்டு வண்டி. ரூமை இருட்டாக்குங்க. ஷட்டர் சாவகாசமா 160-ல ஒரு பங்குல தொறந்து மூடட்டும். உள்ள வெளிச்சமே இல்லைன்னா காமிரா எதைப் பார்க்கும்? ஃப்ளாஷ் மின்னுற நேரத்தை மட்டும்தான் பார்க்கும். ஃப்ளாஷ்தான் உங்க ஷட்டர்."

"சரி, அப்ப ஃப்ளாஷை ஃபுல் பவர்ல..."

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. பவரைக் குறைங்க. முப்பத்திரண்டுல ஒரு பங்கு வைங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் டீக்கடைக் குழாயைக் காட்டினார். ஃப்ளாஷின் பவரைக் குறைப்பது என்பது குழாயைக் கொஞ்சமாகத் திறப்பது இல்லையாம். முழுசாகத் திறந்து சட்டென்று மூடுவதாம். பவர் குறையக் குறைய மின்னும் நேரமும் குறையும். சாதாரண ஃப்ளாஷ் முழு பவரில் ஒரு வினாடியில் சுமார் 1,000-ல் ஒரு பங்கு நேரம் எரியும். 32-ல் ஒரு பங்கு பவரில் சுமார் 20,000-ல் ஒரு பங்குதான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் சொட்டு, தட்டைத் தொடும்போது வினாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் வருகிறது. மணிக்குப் பத்து கிலோமீட்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் போகும் வேகம்தான். ஆனால் 200-ல் ஒரு பங்கு வினாடியில் அது 14 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். சொட்டே நாலரை மில்லிமீட்டர்தான். அதாவது தன் உடம்பைப் போல மூன்று பங்கு தூரம் ஓடிவிடுகிறது. படத்தில் சொட்டு விழாது, கோடுதான் விழும். அதுவே 20,000-ல் ஒரு பங்கில் 0.14 மில்லிமீட்டர். ஒன்றிரண்டு தலைமுடியின் கனம். நின்ற மாதிரிதான்.

அன்றிலிருந்து எங்கள் ஃப்ளாட்டிலேயே கரன்ட் கட்டுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே குடும்பம் நாங்கள்தான். குடும்பம் என்றால், நான். எதிர் ஃப்ளாட் பெரியவர் ஒரு நாள் லிஃப்ட்டில் மடக்கி, "உங்க வீட்டுல ராத்திரி ராத்திரி மின்னுதே, வெல்டிங் வேலை ஏதாவது...?" என்றார்.

*

வெளிச்சம் கிடைத்துவிட்டது. நேரம் கிடைக்கவில்லை.

சொட்டு 40 சென்டிமீட்டர் விழ எடுத்துக்கொள்வது 0.29 வினாடி. கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, மூளை விரலுக்கு உத்தரவு போட சுமார் 0.2 வினாடி. (அரசு அலுவலகங்களை ஒப்பிட்டால் இது மின்னல் வேகம்.) காமிரா தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. கூட்டிப் பார்த்தால், சொட்டு ஃபில்லரை விட்டு நழுவும்போதே அமுக்கினால் தட்டைத் தொடும் சமயத்துக்குச் சரியாக இருக்கும். பேப்பரில் டாலி ஆகிவிட்டது. தட்டில் ஆகவில்லை. கிரீடம் உயிரோடு இருப்பது ஒரு வினாடியில் நூறில் ஓரிரு பங்கு. என் விரலோ ஒரு சமயம் அவசரக்காரன், ஒரு சமயம் சோம்பேறி. ஃபில்லரை அமுக்குகிற கை ஆடினால் சொட்டும் வேறு இடத்தில் விழுகிறது. ஃபோகஸ் போயிற்று.

ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே தாளத்தில் சொட்ட வேண்டும். என்ன வழி? யோசித்தபோது சட்டென்று மூளையில் பல்பு எரிந்தது. நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன்.

"ஒரு ட்ரிப்ஸ் செட் குடுங்க."

"பேஷண்ட் யாரு ஸார்?"

"பால்."

கடைக்காரர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. உறையில் பார்த்தேன். ஒரு மில்லி லிட்டருக்கு இருபது சொட்டு என்று அச்சடித்திருந்தது. ஆஹா!

இரண்டு நாற்காலிகளின் முதுகில் ஒட்டடைக் கொம்பைக் குறுக்கே வைத்து, தண்ணீர் பாட்டிலில் பாலை ஊற்றித் தலைகீழாகக் கட்டி, மூடியில் ஊசி முனையைக் குத்தினேன். ட்யூபில் வெள்ளையாகப் பால் இறங்கி வந்தது. நடுவில் இருக்கிற குட்டிச் சக்கரத்தைத் திருகினேன். கண்ணாடி போன்ற அந்தச் சின்னக் குப்பிக்குள் டக்... டக்... டக்கென்று சொட்டு. நுனியிலிருந்தும் அப்படியே. எடிசன் பல்பு எரிந்தபோது இப்படித்தான் நின்றிருப்பார் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அப்பா தண்ணீர் குடிக்க வந்தார்.

வாசற்படியில் நின்றார். கொம்பைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், சொட்டுகிற குப்பியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்காமலே திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார்.

"என்ன ஆச்சு அப்பாவுக்கு?" என்றேன்.

மனைவி குரலைத் தாழ்த்தி, "என்னங்க, இதை நாம கடைசியா எங்க பார்த்தோம்னு ஞாபகமில்லையா?" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் இல்லை. அந்தப் பதினோரு நாளும் நான் மருந்துக் கடைக்கும் கேஷ் கவுண்டருக்கும் ஸ்கேன் சென்டருக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். அப்பாதான் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தது பில்லை. அவர் பார்த்தது சொட்டை.

அன்று ராத்திரியே எல்லாவற்றையும் கழற்றிப் பரணில் போட்டேன். பாலைக் கீழே கொட்டினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

*

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டுறவு வங்கி ஒன்றில் 34 வருஷம் லெட்ஜர் எழுதியவர். நான் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதப் போகிறேன் என்றபோது அவர் கோபிக்கவில்லை. "மாசா மாசம் வருமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. அவரும் மறுபடி கேட்டதில்லை. அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். நாங்கள் பேசிக்கொள்வது மொத்தம் நாலு விஷயம்: பேப்பர் வந்ததா, மாத்திரை சாப்பிட்டாச்சா, மோட்டார் போட்டாச்சா, கதவைத் தாழ்ப்பாள் போட்டாச்சா.

அடுத்த நாலு நாள் காமிராவைத் தொடவில்லை. சும்மா இருக்க முடியாமல், எட்ஜர்ட்டனுக்கு முன்னால் யாராவது சொட்டைத் துரத்தினார்களா என்று தேடிப் படித்தேன். அகப்பட்டவர் ஆர்தர் வொர்திங்டன் என்கிற இங்கிலாந்து விஞ்ஞானி.

இவர் 1870-களிலேயே ஆரம்பித்துவிட்டார். அப்போது இவ்வளவு வேகத்தைப் பிடிக்கிற காமிரா ஏது? இருட்டறையில் உட்கார்ந்து கொள்வார். சொட்டு விழும். குறித்து வைத்த கணத்தில் ஒரு மின்பொறி பளிச்சென்று தெறிக்கும். அந்தப் பளிச்சில் கண்ணில் பதிந்ததை உடனே பென்சிலால் வரைவார். அடுத்த சொட்டுக்குப் பொறியை இம்மி தாமதமாக வைப்பார். மறுபடி வரைவார். இப்படியே ஒரு சொட்டின் பிறப்பு முதல் இறப்பு வரை படம் படமாக வரைந்து சேர்த்தார். எல்லாப் படமும் கோலம் போட்ட மாதிரி அழகு. வலப்பக்கம் எத்தனை முனையோ, இடப்பக்கமும் அத்தனை முனை.

1894-ல் காமிரா வந்துவிட்டது. வொர்திங்டன் அதே சொட்டுகளைப் போட்டோ எடுத்தார். பார்த்தால் ஒரு கிரீடம்கூட நேராக இல்லை! ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் சப்பை. முனை ஒடிந்தது, கோணியது, சாய்ந்தது. பழைய குறிப்புகளைப் புரட்டினார். கோணலான சொட்டுகளை அவர் கண் அப்போதே பார்த்திருக்கிறது. அவர்தான், 'இது ஏதோ தப்பாக விழுந்த சொட்டு' என்று தள்ளிவிட்டு, மனசில் இருந்த ஒழுங்கான சொட்டை வரைந்திருக்கிறார். ஏறக்குறைய இருபது வருஷம்!

என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்கு இது உடனே புரிந்துவிட்டது. ட்ரையல் பாலன்ஸ் டாலி ஆகாதபோது வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோமே, அதேதான். ஆனால் வொர்திங்டன் பெரிய மனுஷர். தான் செய்ததைத் தானே வெளியில் சொல்லிவிட்டார். கோணல் போட்டோக்களையும் அச்சில் போட்டார். 1908-ல் சொட்டுகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். குழியிலிருந்து மேலே எழும்பி நிற்கிற அந்தத் தூணுக்கு இன்றைக்கும் 'வொர்திங்டன் ஜெட்' என்றுதான் பெயர்.

*

ஐந்தாம் நாள். ராத்திரி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்ன, உன் சொட்டு வேலை நின்னுடுச்சா?"

"ஆமாம்பா. சரியா வரலை."

"எப்படி வரும்? வீலை அவ்வளவு திருகினா எப்படி வரும்?"

எனக்கு இட்லி தொண்டையில் நின்றது. வாசற்படியில் அவர் நின்றது ஒரு அரை நிமிஷம் இருக்குமா? அதில் இதையும் பார்த்திருக்கிறார்!

"கை கழுவிட்டு அந்தக் கொம்பை எடு" என்றார்.

எடுத்தேன். கட்டினேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டை விரலால் அந்தக் குட்டிச் சக்கரத்தை, திருகுவது என்றுகூடச் சொல்ல முடியாது, தடவினார். இடது மணிக்கட்டில் பழைய ஹெச்.எம்.டி. வாட்ச். அதைப் பார்த்துக்கொண்டே சொட்டை எண்ணினார். இன்னொரு தடவல்.

"உனக்கு நிமிஷத்துக்கு எத்தனை வேணும்?"

"அறுபது இருந்தா நல்லாருக்கும்பா. வினாடிக்கு ஒண்ணு."

"அவளுக்கு முப்பது" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அரை லிட்டர் பாட்டில்னா பத்தாயிரம் சொட்டு. முப்பதுன்னா அஞ்சரை மணி நேரம். நர்ஸுங்க ஆறு மணி நேரம்னு சொல்லுவாங்க. ஆறு இல்லை. அஞ்சரைதான். நான் எண்ணியிருக்கேன்" என்றார்.

மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது பெருக்கல் ஐநூறு, வகுத்தல் முப்பது. 333 நிமிஷம். அஞ்சரை மணிக்கு மூணு நிமிஷம் கூட. சரியாக இருந்தது.

விளக்கை அணைத்தேன். மகளின் சிவப்பு டிபன் பாக்ஸ் மூடியில் மெல்லிய பால் படலம். குப்பிக்குப் பக்கத்தில் அப்பா கையில் சின்ன டார்ச், விரலால் பாதி மறைத்தபடி. ஒவ்வொரு சொட்டு நுனியிலிருந்து நழுவும்போதும் அவர் "ம்" என்றார். ம்... ம்... ம்... தாளம் தப்பவில்லை. நாலு 'ம்' கேட்டுவிட்டு ஐந்தாவதுக்கு விரல் தானாகவே தயாராகிவிடுகிறது. இனிமேல் என் விரல் சொட்டைத் துரத்த வேண்டாம். சொட்டு எப்போது வரும் என்று அதற்கே தெரியும்.

க்ளிக். பளிச்.

காமிராவின் முதுகில் பார்த்தோம். சிவப்பின் மேல் வெள்ளைக் கிரீடம். என் மகள், "தாத்தா, கிரீடம்!" என்று கத்தினாள். என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்துவிட்டு, "இது நம்ம வீட்டுப் பாலா?" என்றாள். பாராட்டா, கவலையா என்று இன்னும் தெரியவில்லை.

கிரீடத்தில் ஒரு பக்கம் மட்டும் மூன்று முனை குறைவு. வொர்திங்டன் ஞாபகம் வந்தது.

*

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்காகச் சில வார்த்தை. (எல்லாம் அடிபட்டுக் கற்றது.)

ஃபோகஸை ஆட்டோவில் விடாதீர்கள். இருட்டில் அது தேடிக்கொண்டே இருக்கும். சொட்டு விழும் இடத்தில் ஒரு பேனாவை நிறுத்தி, கையால் ஃபோகஸ் செய்து, பேனாவை எடுத்துவிடுங்கள். அப்பர்ச்சர் 11 அல்லது 16. ஐ.எஸ்.ஓ. 400. பவரைக் குறைத்ததால் வெளிச்சம் போதாது, ஆகவே ஃப்ளாஷைத் தட்டிலிருந்து ஓர் அடி தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். நேராக அடிக்காமல், பட்டர் பேப்பரைக் குறுக்கே பிடித்தால் முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்காது.

கிரீடம் வேண்டுமென்றால் மெல்லிய படலம். தூண் வேண்டுமென்றால் ஆழமான தண்ணீர். நான்-ஸ்டிக் வாணலியில் விளிம்பு வரை நிரப்பினால் போதும். எவர்சில்வர் கூடவே கூடாது. மூக்கு தெரியும்.

வெறும் தண்ணீரைவிடக் கொஞ்சம் கெட்டியான திரவம் அழகாக நீண்டு நிற்கும், சீக்கிரம் உடையாது. இதற்கென்றே குவார் கம் பொடி கலக்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம் கொத்தவரங்காயின் விதையிலிருந்து எடுப்பதுதான். நான் சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீராக்கிக் கலந்தேன். செலவில்லை.

ஃப்ளாஷையும் காமிராவையும் பாலிதீன் உறையால் மூடுங்கள். வயர் எதுவும் ஈரத் தரையில் கிடக்கக்கூடாது. முடிந்ததும் தரையைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் எறும்புகள் துடைக்கும், வீட்டுக்காரி உங்களைத் துடைப்பாள்.

*

இப்போது அந்த நாலாவது படம்.

ஒரு சொட்டு தண்ணீரில் விழுந்து, தூண் எழும்பி நிற்கிற நேரத்தில் இரண்டாவது சொட்டு சரியாக அதன் தலையில் விழுந்தால், தூணின் உச்சியில் திரவம் தகடாக விரிந்து குடை மாதிரி நிற்கும். இதற்கு இரண்டு சொட்டுக்கும் நடுவே ஒரு வினாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இடைவெளி இருக்க வேண்டும். சாதகம் பண்ணுகிறவர்கள் மின்சார வால்வு வைத்து, சின்ன கம்ப்யூட்டர் போர்டில் மில்லி வினாடிக் கணக்கில் புரோகிராம் எழுதிச் செய்கிறார்கள். ரிச்சி தெருவில் விசாரித்தேன். விலையைக் கேட்டுவிட்டு, தெருவைச் சுற்றிப் பார்க்க வந்தது போல் நடந்து வந்துவிட்டேன்.

எங்களுக்கு அது அப்பாவின் தும்மலில் கிடைத்தது.

போன மாதம் ஒரு ராத்திரி. வாணலி, கஞ்சித் தண்ணீர், ம்... ம்... ம்... திடீரென்று அப்பா வீடு அதிரத் தும்மினார். ஒட்டடைக் கொம்பு ஆடியது. அதிர்ச்சியில் நானும் அமுக்கிவிட்டேன். கொம்பு ஆடியதில் ஒரு சொட்டின் பின்னாலேயே இன்னொன்று நழுவியிருக்கிறது.

குடை! அசல் குடை. நடுவில் மெல்லிய காம்பு, மேலே கண்ணாடி போல விரிந்த துணி. ஓரத்தில் மணி மணியாகத் துளிகள். ஆனால் இடப்பக்கம் கிழிந்திருந்தது. புயலில் மாட்டிய குடை போல ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நல்லாயிருக்கிற வலப்பக்கத்தை அப்படியே திருப்பி இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தேன். அஞ்சு நிமிஷ வேலை. அப்பா பின்னால் வந்து நின்றார்.

"என்ன பண்றே?"

"அந்தக் கிழிசலை எடுத்துடறேன்பா. டாலி ஆயிடும்."

அவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"லெட்ஜர்ல அழிச்சு எழுதக் கூடாதுடா. தப்பா இருந்தாலும் அது எழுதின எழுத்து. மேல ஒரு கோடு போட்டுட்டுப் பக்கத்துல எழுதலாம். அழிக்கக் கூடாது."

"இது போட்டோப்பா."

"நான் தும்மினேன் இல்ல?"

தும்மினார். அதை நான் எப்படி மறுக்க முடியும்? கிழிந்த குடையை அப்படியே பிரிண்ட் போட்டு, சட்டம் போட்டு, ஹாலில் மாட்டியிருக்கிறோம். அம்மா படத்துக்கு எதிர் சுவரில். மாட்டிய இடம் அப்பா சொன்னது.

வருகிறவர்கள் எல்லாரும் "எங்க வாங்கினீங்க?" என்று கேட்கிறார்கள். அப்பா, "வாங்கலை. எடுத்தோம்" என்கிறார். 'தோம்' என்பதை நான் கவனித்தேன். நாலு விஷயம் பேசிக்கொண்டிருந்த நாங்கள் இப்போது ஐந்தாவதாகச் சொட்டைப் பற்றியும் பேசுகிறோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் அறையிலிருந்து குரல் கேட்டது.

"ஏம்மா, பால் இருக்கா?"

"காபிக்கா மாமா, காமிராவுக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ரெண்டுக்கும்" என்றார் அப்பா.